மாடியில்லாத வீட்டைச் சுற்றி வருவோம்

வீடு கட்டுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வெறும் மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். மேஸ்திரியின் கையில் ஒரு காகிதம் இருக்கும். அதைத்தான் 'பிளான்' என்கிறோம். எந்த அறை எங்கே, அதன் நீளம் என்ன, அகலம் என்ன, கதவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் வெயில் எங்கே விழும், காற்று எந்த வழியாகப் போகும், சத்தம் எதுவரை கேட்கும் என்பவை அதில் இருப்பதில்லை. விஞ்ஞானம் தெரிந்தவர்கள் அந்தக் காகிதத்திலேயே அவற்றையும் படித்துவிடலாம். எப்படி என்று இன்று பார்ப்போம்.

இதற்காக ஆர்.கே.பேட்டையில் கற்பனையாக ஒரு வீடு கட்டுவோம். திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் அருகில் உள்ள இவ்வூரின் முழுப்பெயர் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய பக்கத்து ஊர்களைப் போலவே இங்கும் பல குடும்பங்களுக்கு நெசவுதான் பிழைப்பு. தெருவில் நடந்தாலே விசைத்தறிகளின் சத்தம் காதில் விழும்.

நம் கற்பனைக் குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் என ஐந்து பேர். வீட்டோடு 4 விசைத்தறிகள் ஓடவேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி. ஆகவே மாடி வேண்டாம், எல்லாம் தரையிலேயே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

முதல் பிளான் தயார். தெரு கிழக்கே இருக்கிறது. வீடு கிழக்கு மேற்காக 50 அடி, தெற்கு வடக்காக 30 அடி. மொத்தம் 1500 சதுர அடி. நடுவில் பெரிய ஹால், சுற்றிலும் அறைகள், மேலே சமமான கான்கிரீட் தளம். தறிக்கூடம் தென்மேற்கு மூலையில். அதை ஒட்டினாற்போல் மகள் படிக்கும் அறை. பார்த்தால் குறை ஒன்றும் தெரியவில்லை அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் இன்னும் இரண்டு வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

பாட்டி பிறந்த வீடு

முதலில் பார்ப்பது பாட்டி பிறந்து வளர்ந்த பழைய ஓட்டு வீடு. அகலம் 20 அடி, நீளம் 60 அடி. இரு பக்கமும் பக்கத்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கச் சுவர்களில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அப்படியானால் வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் எப்படி வந்தன?

வாசலில் திண்ணை. அதன் மேல் கூரை இறங்கி நிற்கிறது. சுவரின் மேல் நேரடி வெயில் படாமல் காப்பது இதன் வேலை. திண்ணையைத் தாண்டினால் 'நடை' என்னும் குறுகிய வழி. அதைக் கடந்ததும் முற்றம். மேலே கூரையே கிடையாது. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஒரு பக்கத்தில் தறி. கடைசியில் சமையலறை, கொல்லை, கிணறு.

முற்றம் என்பது வீட்டின் நடுவே வைத்த ஒரு பெரிய ஜன்னல். சுவரில் வைக்காமல் வானத்தை நோக்கி வைத்த ஜன்னல். வெளிச்சம் அதன் வழியாக வருகிறது. காற்று வருவதற்குக் காரணம் வேறு. வாயுக்கள் சூடானால் விரியும் என்று படித்திருக்கிறீர்கள். 27 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று 37 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. இலேசான காற்று மேலே போகும். பகலில் முற்றத்துத் தரை சூடாகி அங்குள்ள காற்று மேலெழும்போது, அந்த இடத்தை நிரப்பத் திண்ணையின் நிழலில் இருந்த காற்று நடை வழியாக உள்ளே வருகிறது. இரவில் முற்றத்துத் தரை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்குக் கதிர்வீச்சாக அனுப்பிக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழ்வாரம் வரை பரவுகிறது. கோடையில் பெரியவர்கள் முற்றத்தின் ஓரத்தில் பாய் விரித்துப் படுத்ததன் காரணம் இதுதான்.

இனித் தறியைப் பார்ப்போம். அது குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். குழிக்கு இன்னொரு பயனும் உண்டு. பஞ்சு நூல் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சற்று ஈரமான காற்றில் அதன் வலிமை கூடுகிறது. பாவில் போட்ட கஞ்சியும் காய்ந்து உதிராமல் இருக்கிறது. காற்று வறண்டால் நூல் அடிக்கடி அறும். மண் குழியின் ஈரம் பாவு நூலுக்குத் துணையாக நின்றது. பாவை நீட்டிக் கஞ்சி போடும் வேலையோ வீட்டுக்குள் அடங்காது. அது தெருவிலே நடக்கும். எனவே தெருவும் அந்த வீட்டின் ஓர் அறைதான் என்று சொல்லலாம்.

அந்த வீட்டில் குறைகளும் இருந்தன. கொல்லைப்பக்க அறைகள் இருட்டாக இருக்கும். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். மழைக்காலத்தில் ஓடு ஒழுகும். பழையது என்பதாலேயே எல்லாம் சரி என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் முற்றத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்திராதவர்கள் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடு முதலான பழைய வீடுகளை அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

கடல் கடந்து ஒரு வீடு

இரண்டாவது வீடு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிறது. அங்கே கால்நடைப் பண்ணைக்கு 'ரான்ச்' என்று பெயர். அந்தப் பண்ணைகளில் ஸ்பானிய வழியில் வந்தவர்கள் மண் கல்லால் கட்டிய தாழ்ந்த, நீண்ட வீடுகளையும், அவற்றின் நடுவே அமைந்த முற்றங்களையும் பார்த்து, 1930களின் தொடக்கத்தில் சான் டியேகோ நகரில் கிளிஃப் மே என்பவர் புதுவகை வீடுகளைக் கட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை வீடு அமெரிக்கா முழுவதும் பரவியது. 'ரான்ச் வீடு' என்று அழைக்கப்படுவது இதுவே. ஒரே தளம், பரந்த அமைப்பு, தாழ்ந்த கூரை, அகலமாக நீண்ட இறவாரம், முற்றத்தைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவுகள். நம் ஊர்ப்பக்கம் சாலையோரங்களில் எழும்பும் பண்ணை வீடுகள் பலவற்றில் இதன் சாயலைக் காணலாம்.

பாட்டி வீட்டு முற்றத்தின் உறவுக்காரர் ஒருவரைக் கடலுக்கு அப்பால் சந்தித்துவிட்டோம்! அதற்காக அந்த வீட்டை அப்படியே பெயர்த்து ஆர்.கே.பேட்டையில் வைத்துவிட முடியுமா? முடியாது. காரணம் சூரியனின் உயரம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறத்தாழ 34 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே தெற்கில் சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு நேர் மேலே 2 அடி இறவாரம் இருந்தால், அதன் நிழல் 1.3 அடிதான் இறங்கும். ஜன்னல் 4 அடி உயரமானால் மீதி 2.7 அடி வழியாகக் குளிர்கால வெயில் உள்ளே வந்து அறையைச் சூடாக்கும். ஜூனில் சூரியன் 79 டிகிரிக்கு ஏறிவிடுவதால் அதே இறவாரம் ஜன்னல் முழுவதையும் நிழலில் வைக்கும். குளிருக்கு வெயில், கோடைக்கு நிழல். நல்ல ஏற்பாடுதான்.

ஆர்.கே.பேட்டை 13 டிகிரி வட அட்சத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். நமக்கோ டிசம்பரிலும் வெயிலை உள்ளே அழைக்கவேண்டிய தேவை இல்லை. 2 அடி இறவாரம் இங்கே 2.7 அடிக்கு நிழல் தரும். 4 அடி ஜன்னலுக்கு அது போதாது. 3 அடியாக நீட்டினால் நிழல் 4 அடிக்கு இறங்கும். அதாவது தெற்கு ஜன்னலுக்கு மேல் 3 அடி நீட்டம் இருந்தால், ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் அந்த ஜன்னலுக்குள் நுழையாது.

கிழக்கிலும் மேற்கிலும் இந்தக் கணக்குப் பலிக்காது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக நிற்பதால் எவ்வளவு நீட்டினாலும் வெயில் கீழே புகுந்து வந்துவிடும். அதிலும் மேற்கு வெயில், காற்றும் நன்றாகச் சூடேறிவிட்ட பிற்பகலில் வருவது. ஆகவே நம் நாட்டில் வீட்டின் நீண்ட சுவர்கள் தெற்கையும் வடக்கையும் பார்ப்பது நல்லது. நம் முதல் பிளானில் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. இதற்கு ஒரு மதிப்பெண் கொடுப்போம்.

140 இஸ்திரிப் பெட்டிகள்

இனிக் கூரைக்கு வருவோம். 1500 சதுர அடி வீட்டை இரண்டு மாடியாகக் கட்டினால் கூரை 750 சதுர அடி. ஒரே தளமாகக் கட்டினால் கூரை 1500 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 140 சதுர மீட்டர். மாடி வீட்டின் கீழ்த்தள அறைகளுக்கு மேலே இன்னோர் அறை குடை பிடிக்கிறது. ஒரு தள வீட்டிலோ ஒவ்வோர் அறைக்கும் மேலே நேரே வெயில்தான்.

மேகமில்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் சுமார் 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் ஏறத்தாழ அதே அளவுதான். அப்படியானால் நம் வீட்டுக் கூரை மீது 140 இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்ததற்குச் சமம்! திருத்தணிப் பகுதியில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆற்றல் முழுவதும் உள்ளே வருவதில்லை. ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. மீதியைக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. 10 முதல் 12 செ.மீ. கனமுள்ள தளத்தைக் கடந்து வெப்ப அலை அடிப்பக்கத்துக்கு வந்துசேரச் சுமார் 3 மணி நேரம் ஆகும். எனவே பிற்பகல் 1 மணியின் உச்ச வெயில் மாலை 4, 5 மணிக்குத்தான் உட்கூரைக்கு வருகிறது. பிறகு இரவு நெடுநேரம் தளம் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. மின்விசிறி சுற்றினாலும் அனல் அடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? மகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகத்தைத் திறக்கும் நேரமும் அதுவே.

இதற்குப் பரிகாரம் உண்டு, செலவும் அதிகமில்லை. சாம்பல் நிறச் சிமெண்டுத் தளம் வெயிலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்கவேண்டும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு ஓடு பதிப்பது இன்னொரு வழி. நம் பக்கத்துப் பழைய 'மட்டப்பா' வீடுகளில் மர உத்திரங்களின் மேல் இப்படிச் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டே தளம் போட்டார்கள்.

சத்தம் எங்கே போகும்?

முதல் பிளானின் பெரிய பிழை இனித்தான் வருகிறது. சாதாரணப் பேச்சின் ஒலி அளவு சுமார் 60 டெசிபெல். விசைத்தறிகள் ஓடும் கூடத்தில் அது 90ஐத் தாண்டிவிடும். டெசிபெல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கணக்கைப் போன்றதன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் 10 மடங்காகிறது. 30 டெசிபெல் கூடினால் 1000 மடங்காகிறது. நாள்தோறும் பல மணி நேரம் 85 டெசிபெலுக்கு மேல் கேட்டால் காதின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய மயிர் செல்கள் சேதமடையும். போன செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே தறியில் நிற்கும் அப்பாவும் அம்மாவும் காதடைப்பான் போட்டுக்கொள்வது அவசியம்.

நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர் இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். அந்தச் சுவர் 45 டெசிபெலுக்குக் குறையாமல் ஒலியைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஓட்டையில்லாத சுவராக இருக்கவேண்டும். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். அந்த வழியாக நூறில் ஒரு பங்கு ஒலி ஆற்றல் வந்துவிடும். நூறில் ஒரு பங்கு என்றால் 20 டெசிபெல் குறைவு. எவ்வளவு கனமான சுவர் எழுப்பினாலும் தடுப்பு அந்த 20 டெசிபெலோடு நின்றுவிடும். தறிக்கூடத்தில் 95 டெசிபெல் என்றால் மகளின் மேசையில் 75. கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகவும் ஒலி புகுந்துவிடும். வாய்விட்டுப் படித்தால் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது.

புதிய பிளான்

ஆகவே பென்சிலையும் அழிப்பானையும் எடுப்போம். வெளிச்சுவர்கள் அதே 50 அடி, 30 அடிதான். உள்ளே மட்டும் மாற்றுவோம். வாருங்கள், வாசலிலிருந்து நடப்போம்.

கிழக்கே தெருவைப் பார்த்து, வீட்டின் அகலம் முழுவதும் 6 அடித் திண்ணை. காலை வெயிலை அது தாங்கிக்கொள்ளும். உள்ளே நுழைந்தால் ஹால். முதல் பிளானில் இந்த ஹாலுக்கு வெளிச்சுவரே இல்லை. பகலிலும் விளக்குப் போடவேண்டும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் வரையில்தான் நல்ல வெளிச்சம் எட்டும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. 7 அடி உயரம் என்றால் 14 அடி. ஆகவே வீட்டின் நடுவில் 10 அடிக்கு 10 அடி முற்றம் திறக்கிறோம். மேலே இரும்புக் கம்பி, கொசுவலை, கீழே மழைநீர் போகக் குழாய். 100 சதுர அடி இடம் போனது. நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்தன.

தெற்கு வரிசையில் இரண்டு படுக்கையறைகள். ஜன்னல்களுக்கு மேல் 3 அடி நீட்டம். ஒவ்வோர் அறைக்கும் தெற்கே ஒரு ஜன்னல், எதிரே முற்றத்தைப் பார்த்து இன்னொரு திறப்பு. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே வரத் தயங்கும். நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி இரண்டும் வேண்டும்.

வடக்கு வரிசையில் முதலில் முன்னறை, பிறகு சமையலறை, அதற்கடுத்து நூல் வைக்கும் அறை, கடைசியாக வடமேற்கு மூலையில் தறிக்கூடம். இதன் பெரிய ஜன்னல்கள் வடக்கே இருக்கும். வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாது. நிழல் விழாமல் ஒரே சீராக இருப்பதால் அறுந்த இழை உடனே தெரியும். முற்றத்தின் பக்கம் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கொல்லைப்புறமாகத் தனி வாசல். நூல் அறை நடுவே நிற்பதால் சத்தத்துக்கு இரண்டு சுவர்களைத் தாண்டும் வேலை; பஞ்சுத் தூசியும் சமையலறைக்குள் பறக்காது. தறிகளின் அடியில் ரப்பர் மெத்தை வைத்தால் அதிர்வு தரை வழியாகப் பரவுவதும் குறையும்.

மேற்குச் சுவரை ஒட்டித் தென்மேற்கில் குளியலறையும் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டும் வருகின்றன. யாரும் அதிக நேரம் இருக்காத இடங்கள் மேற்கு வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். தறிக்கூடத்து மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம். வெளியே இரண்டு புங்க மரம் நடலாம்.

மகளின் மேசை எங்கே? தென்கிழக்கு மூலை அறையில். தறி வடமேற்கு மூலையில். செவ்வகத்தில் எதிரெதிர் மூலைகளே அதிகத் தொலைவில் இருப்பவை. பித்தகோரஸ் தேற்றப்படி 50இன் வர்க்கத்தையும் 30இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 58 அடி. அந்த வீட்டுக்குள் இதைவிடத் தூரமாக மேசையை வைக்க முடியாது!

கூரை தரும் பரிசு

வெயிலை வாங்கிய அந்த அகன்ற கூரையைத் திட்டிக்கொண்டே இருக்கவேண்டாம். முற்றம் போக மீதி 1400 சதுர அடி, அதாவது 130 சதுர மீட்டர். அதன் மேல் 1 செ.மீ. மழை பெய்தால் 1300 லிட்டர் நீர். ஆண்டில் 100 செ.மீ. பெய்வதாக வைத்துக்கொண்டால் 1,30,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். இதே வீட்டை மாடி போட்டுக் கட்டியிருந்தால் இதில் ஏறத்தாழ பாதிதான் கிடைத்திருக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேமிப்பு கட்டாயம். அந்த நீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிட்டால் கோடையில் கைகொடுக்கும்.

புதிய பிளானில் நாம் விலை உயர்ந்த பொருள் எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அறைகளை இடம் மாற்றினோம். முற்றம் ஒன்று திறந்தோம். ஜன்னல் நீட்டத்தைக் கூட்டினோம். கூரைக்கு வெள்ளை அடித்தோம். காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்த ஒரு நிமிடம் போதும். கட்டி முடித்தபின் நகர்த்த முடியாது. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பிளான் போடும் நாளில், சூரியன் எந்தப் பக்கம், தறி எந்தப் பக்கம், படிக்கும் மேசை எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் கட்டாயம் காது கொடுப்பார்கள்.

செய்து பாருங்கள்

1. ஆர்.கே.பேட்டையில் ஏப்ரல் 25ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 17, 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வரும். அன்று பகல் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி ஒரு நேரான குச்சியைச் சமதரையில் நட்டு வையுங்கள். நிழல் குச்சியின் அடியிலேயே மறைவதைக் காணலாம்.

2. ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தகரத் தகட்டால் மூடுங்கள். ஒரு தகட்டுக்குச் சாம்பல் நிறமும், மற்றதற்கு வெள்ளைச் சுண்ணாம்பும் பூசுங்கள். உள்ளே வெப்பமானி வைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

3. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊதுவத்தி ஒன்றை உங்கள் அறை ஜன்னல் அருகே பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது? எதிர்ப்பக்கக் கதவைச் சாத்தியபின் என்ன ஆகிறது?

4. உங்கள் வீட்டின் பிளானை அளந்து வரையுங்கள். வடக்கைக் குறியுங்கள். பிற்பகல் 4 மணிக்கு மிகவும் வெப்பமாக இருக்கும் அறை எது? அது ஏன் என்று காரணம் எழுதுங்கள்.